புது ரைடு வந்த வருடம் லாபம் ஏன் இறங்குகிறது? திறப்பு தள்ளிப்போனால் கணக்கில் அது எங்கே தெரியும்?

ஓஎம்ஆர்_வாசு

வணக்கம். கேளிக்கைப் பூங்கா நடத்தும் வொண்டர்லாவின் சென்னைப் பார்க் 2025 டிசம்பரில் திறந்த பிறகு, அந்தக் கம்பெனிப் பங்கைக் கொஞ்சம் வாங்கிப் போடலாமா என்ற யோசனையில் பழைய கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். திருப்போரூர் பக்கம் 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு, 43 ரைடு என்றெல்லாம் படிக்கும்போது இனி லாபம் பிய்த்துக்கொண்டு போகும் என்றுதான் தோன்றுகிறது. பழைய கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

2016 ஏப்ரலில் ஹைதராபாத் பார்க்கைத் திறந்தார்கள். அதற்கு முந்தைய நிதியாண்டில் லாபம் சுமார் 60 கோடி. திறந்த ஆண்டில் வருமானம் 205 கோடியில் இருந்து 270 கோடி அளவுக்கு ஏறியிருக்கிறது, லாபமோ 34 கோடிக்கு இறங்கிவிட்டது. 2024 மே மாதம் புவனேஸ்வர் திறந்தார்கள், அந்த ஆண்டும் 158 கோடியாக இருந்த லாபம் 109 கோடிக்கு வந்துவிட்டது. டிக்கெட் கூடுதலாக விற்று லாபம் குறைவது எப்படி?

இன்னொரு கேள்வியும் உண்டு. சென்னையில் நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஜிஎஸ்டிக்கு மேல் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் இருந்ததால், அதற்கு விலக்கு கிடைக்கும் வரை கட்ட ஆரம்பிக்கவில்லை. இப்படி இழுத்ததில் போன பணத்தைக் கணக்கில் எந்த இடத்தில் பார்ப்பது? ஒரு ரைடு ஆறு மாதம் தாமதமானால் லாப நஷ்டக் கணக்கில் அது தெரியுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தணிக்கை_சிவா

வாசு சார், முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன், அது என் தொழில்.

கட்டிக்கொண்டிருக்கும் வரை செலவெல்லாம் ‘கேபிடல் வொர்க் இன் புராக்ரஸ்’, அதாவது இன்னும் முடியாத பணிகள் என்ற தலைப்பில் இருப்புநிலைக் குறிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிமெண்ட், இரும்பு, ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வரும் ரோலர் கோஸ்டர் தண்டவாளம், அந்தத் திட்டத்துக்கென்று வாங்கிய கடனின் வட்டி எல்லாமே அங்கேதான், லாபத்தைத் தொடாது. பார்க் தயார் என்று ஆன அன்றைக்கு அது சொத்தாக மாறுகிறது, தேய்மானம் (சொத்தின் விலையை வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவில் எழுதுவது) அன்றே ஓட ஆரம்பிக்கிறது, வட்டியும் அதற்குப் பிறகு நேராக லாப நஷ்டக் கணக்கில் விழுகிறது. திறப்பு விளம்பரம், புது ஆட்களைப் பழக்கும் செலவு, இதையெல்லாம் சொத்தின் விலையில் சேர்க்கவே கூடாது என்று கணக்கியல் விதி இருக்கிறது, அதனால் அவை செலவான காலாண்டிலேயே அடிக்கும்.

அப்புறம் பார்க் தொழிலில் செலவு பெரும்பாலும் நிலையானது. ஐந்நூறு பேர் வந்தாலும் ஐயாயிரம் பேர் வந்தாலும் ரைடு ஓட்டுபவர், லைஃப்கார்ட், பராமரிப்பு ஆட்கள் எல்லாம் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வேண்டும். செலவு முதல் நாளே முழு உயரத்தில் நிற்கிறது, கூட்டம் அந்த உயரத்துக்கு வர இரண்டு மூன்று வருடம் பிடிக்கிறது. நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைத்தான் நீங்கள் லாப வீழ்ச்சியாகப் பார்க்கிறீர்கள். ஹைதராபாத் திறந்து மூன்றாவது ஆண்டான 2018-19ல் லாபம் 55 கோடிக்குத் திரும்பிவிட்டது, அதற்கடுத்த ஆண்டு 65 கோடியை நெருங்கியது.

ஆனால் எல்லாப் பழியையும் புது பார்க் மேல் போடாதீர்கள். 2015 ஜூனில் இருந்துதான் பார்க் நுழைவுக்குச் சேவை வரி வந்தது, 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, பிறகு ஜிஎஸ்டி வந்தபோது 28 சதவீதம் வைத்து 2018 ஜனவரியில்தான் 18 ஆக்கினார்கள். புவனேஸ்வர் ஆண்டில் பழைய பார்க்குகளிலும் கூட்டம் குறைந்தது, ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்த செலவும் சேர்ந்தது. இதையெல்லாம் பிரிக்காமல் புது பார்க் லாபத்தைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

ராட்டினப்பித்தன்

தாமதம் பற்றி நான் சொல்கிறேன், கோஸ்டர் செய்திகளைப் பல வருடமாக விடாமல் படித்து வருபவன்.

எத்தனை மாதம் தாமதம் என்பதை விட எந்த மாதத்தைத் தவறவிட்டார்கள் என்பதுதான் முக்கியம். நம் ஊர் பார்க்குகளுக்கு ஏப்ரல், மே, ஜூன்தான் சோறு போடும் மாதங்கள், பள்ளி விடுமுறை. மார்ச்சில் வர வேண்டிய ரைடு ஜூலையில் வந்தால், காலண்டரில் நான்கு மாதம்தான், கணக்கில் ஒரு வருடம் போச்சு. பொங்கலுக்கு வர வேண்டிய படம் மாசியில் வந்தால் என்ன ஆகுமோ அதேதான்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து சீடர் பாயிண்ட் பார்க்கைப் பாருங்கள். 2003ல் வந்த 420 அடி உயர டாப் த்ரில் டிராக்ஸ்டர், 2021ல் இரும்புத் துண்டு ஒன்று கழன்று வரிசையில் நின்ற பெண் மேல் விழுந்த பிறகு மூடப்பட்டது. ஜாம்பெர்லா என்ற இத்தாலியக் கம்பெனியை வைத்து அதை மாற்றிக் கட்டி டாப் த்ரில் 2 என்று 2024 மே 4ல் திறந்தார்கள், எட்டே நாளில் மூடினார்கள், வண்டிகளை மாற்ற வேண்டும் என்று சொல்லி அந்த சீசன் முழுக்கப் போய்விட்டது. 2025 மே மாதம்தான் மறுபடி ஓடியது. அந்த ரைடைக் காட்டித்தான் அந்த வருட சீசன் பாஸ்களை விற்றிருந்தார்கள். பணம் முன்னாலேயே வந்துவிட்டது, அதனால் அந்த வருடக் கணக்கில் பெரிய ஓட்டை தெரியாது. அடுத்த வருடம் பாஸைப் புதுப்பிக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்பதில்தான் வலி தெரியும். தாமதத்தின் விலை இப்படி வேறு வருடத்தில், கணக்கில் வேறு இடத்தில் போய் ஒளிந்துகொள்வது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இன்னொரு விதம் டிஸ்னியில் நடந்தது. கலிஃபோர்னியாவில் 2019 மே 31ல் ஸ்டார் வார்ஸ் பகுதியைத் திறந்தார்கள், முக்கியமான ரைடு மட்டும் தயாராகவில்லை, அது 2020 ஜனவரி 17ல்தான் வந்தது. கூட்டம் நெரியும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அந்தக் காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பார்க்குகளுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 3 சதவீதம் குறைந்தது. உள்ளூர்க்காரர்கள் நெரிசலுக்குப் பயந்து ஒதுங்கினார்கள், ஹோட்டல்காரர்கள் வாடகையை ஏற்றிவிட்டார்கள், புளோரிடாவிலும் ஆகஸ்டில் திறக்கப் போகிறார்களே என்று அங்கே போக வேண்டியவர்கள் தள்ளிப்போட்டார்கள். புது ரைடு வரப்போகிறது என்ற அறிவிப்பே இருக்கிற கூட்டத்தையும் நிறுத்தி வைத்துவிடும். இதை எந்தக் கணக்கியல் விதியும் பிடிக்காது.

ஆனால் ரைடு சரியாக அமைந்தால் சும்மா இல்லை. ஆர்லாண்டோவில் ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்சர் பார்க்கில் 2010ல் ஹாரி பாட்டர் பகுதி திறந்தார்கள். 2009ல் 46 லட்சம் பேர் வந்த பார்க், 2011ல் 77 லட்சம். பாரிஸ் டிஸ்னிலாந்தும் 1992ல் திறந்து நஷ்டத்தில் தத்தளித்தது, 1995ல் ஸ்பேஸ் மவுண்டன் வந்த வருடமே முதல் முறையாக லாபம் பார்த்தது. ஒரு ரைடு ஒரு பார்க்கையே காப்பாற்றும் சார், அதனால் தாமதமானாலும் பரவாயில்லை, நல்லதாகக் கட்டட்டும் என்பதுதான் என் கட்சி.

தணிக்கை_சிவா

பித்தன் தம்பி, ஹாரி பாட்டரை ஒத்துக்கொள்கிறேன். பாரிஸ் கதையை அப்படி விட முடியாது.

1995ல் கூட்டம் 88 லட்சத்தில் இருந்து 107 லட்சமாக ஏறியது உண்மை, லாபம் 11.4 கோடி பிராங்க். ஆனால் அதற்கு முந்தைய வருடம் நஷ்டம் 180 கோடி பிராங்க், அதற்கும் முந்தைய வருடம் 530 கோடி. ஒரு கோஸ்டர் மட்டும் ஒரே வருடத்தில் இந்தப் பள்ளத்தை நிரப்புமா? 1994ல் வங்கிகளோடு பேசி வட்டியைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள், அமெரிக்க டிஸ்னி தனக்கு வர வேண்டிய ராயல்டியை ஐந்து வருடத்துக்கு விட்டுக்கொடுத்தது, சவுதி இளவரசர் அல்வலீத் பணம் போட்டார். 1995ல் நுழைவுக் கட்டணத்தையும் 250 பிராங்கில் இருந்து 195க்குக் குறைத்தார்கள். ஸ்பேஸ் மவுண்டன் கூட்டத்தைக் கொண்டுவந்தது, சந்தேகமில்லை, ஆனால் அந்த வருட லாபத்தைக் கொடுத்தது நின்றுபோன வட்டிதான் என்பது என் கணிப்பு.

நான் சொல்ல வருவது இதுதான். தாமதமோ புது ரைடோ தானாகப் பார்க்கைக் கொல்வதும் இல்லை, காப்பாற்றுவதும் இல்லை. காத்திருக்கும் காலத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். சொந்தப் பணம் என்றால் காத்திருக்கலாம். கடன் என்றால் மழைக்காலத்திலும் வட்டி ஓடும்.

கென்ட்_கலா

நான் இங்கிலாந்தில் மார்கேட் பக்கம் இருக்கிறேன், சிவா அண்ணன் சொல்வதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

மார்கேட்டில் டிரீம்லேண்ட் என்று ஒரு பழைய கேளிக்கைப் பூங்கா. அதன் உயிரே சீனிக் ரயில்வே என்ற மர ரோலர் கோஸ்டர்தான், 1920ல் கட்டியது, 2008ல் தீ வைத்துவிட்டார்கள். பூங்காவைக் காப்பாற்ற ஊர் மக்கள் வருடக்கணக்கில் போராடி, கவுன்சில் அந்த இடத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, 2015 ஜூனில் மறுபடி திறந்தார்கள். திறந்த அன்று அந்த மர கோஸ்டர் தயாராக இல்லை. ஜூலை போச்சு, ஆகஸ்ட் போச்சு, அக்டோபர் நடுவில்தான் அது ஓடியது. இங்கே அக்டோபர் என்றால் கடற்கரையில் காற்றும் குளிரும்தான், குழந்தைகள் எல்லாம் பள்ளியில். டிசம்பரில் கடன்காரர்களோடு ஒப்பந்தம் போட வேண்டிய நிலைக்கு வந்தார்கள், 2016 மே மாதம் பூங்கா திவால் நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது. அதற்கு அந்த ஒரு தாமதம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பூங்காவின் முகமே அந்த ரைடுதான் என்னும்போது அது இல்லாமல் ஒரு கோடையை ஓட்டியது பெரிய அடி. அந்தக் கோடையில் வந்துபோன குடும்பங்கள் மறுபடி டிக்கெட் எடுக்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதைத் தாண்டி டிரீம்லேண்ட் 2017ல் புதுப்பணத்தோடு மறுபடி எழுந்தது என்பதில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம்.

ஓஎம்ஆர்_வாசு

எல்லோருக்கும் நன்றி, நிறையத் தெளிவாகிவிட்டது. ரைடு தாமதமானால் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனியிடம் அபராதம் வாங்க மாட்டார்களா? அப்புறம் சிவா சார், நம் ஊர் கம்பெனிகளில் இந்தத் தாமதத்தை ஒரு சாதாரண முதலீட்டாளர் எங்கே பார்ப்பது?

தணிக்கை_சிவா

அபராதப் பிரிவு ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும். ஆனால் அது ரைடின் விலையில் ஏதோ ஒரு குறிப்பிட்ட சதவீதமாகத்தான் இருக்கும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. நீங்கள் இழந்த மே மாதக் கூட்டத்தை அந்தக் கம்பெனி ஈடு செய்யாது. வெளிநாட்டு ரைடு என்றால் பணம் யூரோவில், ஆர்டர் கொடுத்த பிறகு ரூபாய் இறங்கினால் அதுவும் உங்கள் தலையில். வொண்டர்லா சில ரைடுகளைக் கொச்சியில் தானே தயாரித்துக்கொள்வதில் இப்படி ஒரு லாபமும் இருக்கிறது.

எங்கே பார்ப்பது என்று கேட்டீர்கள். 2021 ஏப்ரலில் இருந்து, முடியாத பணிகளின் வயது அட்டவணையை ஆண்டறிக்கையில் கொடுத்தாக வேண்டும். ஒரு வருடத்துக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துப் போடுவார்கள். முதலில் சொன்ன தேதியோ செலவோ தாண்டிப்போன திட்டங்களைத் தனியாகக் காட்ட வேண்டும், எப்போது முடியும் என்பதோடு. பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, வேலை நீண்ட நாள் நின்றுபோனால் அந்தக் காலத்து வட்டியைச் சொத்தின் விலையில் ஏற்றக் கூடாது, லாப நஷ்டக் கணக்குக்குக் கொண்டுவர வேண்டும். கட்டுமானம் நின்றதாகச் செய்தி வந்தும் வட்டிச் செலவு அசையவில்லை என்றால், கடனே இல்லையா, அல்லது வட்டி வேறு எங்காவது போகிறதா என்று கேளுங்கள்.

கடன் விஷயத்துக்கு நம் நாட்டிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது. மகாராஷ்டிராவில் கோபோலியில் 2013ல் திறந்த இமேஜிகா நல்ல பார்க், நைட்ரோ மாதிரி பெரிய கோஸ்டர் எல்லாம் வைத்திருந்தார்கள், ஆயிரம் கோடிக்கு மேல் கடன், எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, கடைசியில் 2022ல் மல்பானி குழுமம் எடுத்த பிறகுதான் கடன் பிரச்சினை தீர்ந்தது. வொண்டர்லா ஹைதராபாத்துக்கு 2014ல் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்டியது, 2024 டிசம்பரிலும் பங்கு விற்று சுமார் 540 கோடி வாங்கியது. சென்னைக்கு அத்தனை வருடம் காத்திருக்க முடிந்ததே கடன் கழுத்தை நெரிக்காததால்தான். காத்திருந்ததில் நஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை, நிலத்தில் முடங்கிய பணம் பல வருடம் ஒன்றும் சம்பாதிக்கவில்லை, கட்டுமானச் செலவும் ஏறியிருக்கும். அந்த நஷ்டத்துக்கு எந்த அறிக்கையிலும் தனி இடம் கிடையாது, நீங்களே ஒரு வட்டி விகிதம் போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டியதுதான்.

பங்கு வாங்குவது உங்கள் முடிவு. நானாக இருந்தால் சென்னைக்கு ஒரு முழு ஏப்ரல்–ஜூன் காலாண்டு முடியட்டும் என்று இருப்பேன். பார்க் வாரியாக எத்தனை பேர் வந்தார்கள், தலைக்கு எவ்வளவு செலவழித்தார்கள் என்று அவர்களே வெளியிடுகிறார்கள். பெங்களூர் எண்ணிக்கை குறையாமல் சென்னை ஏறுகிறதா என்று பாருங்கள். நம் பக்கத்தில் இருந்து பெங்களூர் பார்க்குக்குப் போய்க்கொண்டிருந்தவர்களே இங்கே மாறியிருந்தால், அதைப் புதுக் கூட்டம் என்று எண்ண முடியாது.