டாக்டர் ஹூ: 2005ல் திரும்பி வந்தது அதே தொடரா, வேறு தொடரா?

நீலப்பெட்டி:
போன வாரம் வேறொரு இழையில் ஒருவர், உண்மையான டாக்டர் ஹூ 1989 டிசம்பரோடு முடிந்துவிட்டது, 2005ல் வந்தது பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட வேறு தொடர் என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதற்குத்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1963 நவம்பர் 23ல் பிபிசியில் தொடங்கியது. நீல நிறப் போலீஸ் பெட்டி வடிவத்தில் இருக்கும் டார்டிஸில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்தக் கிரகத்துக்கும் போகிற ஒருவர். சாகும் நிலை வந்தால் உடல் மாறி வேறு ஆளாக எழுவார், அதனால் நடிகர் மாறினாலும் கதை நிற்காது. 26 சீசன் ஓடி 1989ல் நின்றது. 1996ல் ஒரே ஒரு டிவி படம். அப்புறம் 2005 மார்ச் 26ல் ரஸ்ஸல் டி டேவிஸ் பொறுப்பில் மறுபடி வந்தது. முதல் பகுதியை மட்டும் பிரிட்டனில் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

என் கட்சி, அது அதே தொடர்தான். கோவையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது நண்பன் கொடுத்த பென் டிரைவில் முதலில் பார்த்தது 2005ல் வந்த "டாலெக்" என்ற பகுதி. டாலெக் என்பது உலோகக் கூட்டுக்குள் இருந்து தரையோடு வழுக்கி நகரும் ஜீவன், டாக்டரின் பரம எதிரி. பழைய கதை ஒரு வரிகூடத் தெரியாது. இருட்டறையில் சங்கிலி போட்டுக் கட்டிய ஏதோ ஒன்றுக்கு உதவி செய்யத்தான் டாக்டர் உள்ளே போகிறார். அது வாய் திறந்து பேசியதும் கதவைத் தட்டித் தட்டி, திறந்துவிடச் சொல்லி அலறுகிறார். அதன் துப்பாக்கி வேலை செய்யவில்லை என்று தெரிந்த நொடியில் அவர் முகம் மாறுகிறது. கொஞ்ச நேரத்தில் அதை மின்சாரம் வைத்து வதைக்கிறவர் அவர்தான். அத்தனை வருஷத்துப் பகையும் அந்த ஒரு காட்சியில் எனக்குப் புரிந்துவிட்டது. டாலெக்கால் படியேற முடியாது என்று ஊரே கேலி செய்துகொண்டிருந்ததை முடித்துவைத்ததும் இந்தப் பகுதிதான்.

தென்குரொய்டன்:
தம்பி, வேறு தொடர் என்ற அந்த வரியை எழுதியது நான்தான். முதலில் ஒரு திருத்தம். டாலெக் படியேறியது 1988ல். "ரிமெம்பரன்ஸ் ஒஃப் த டாலெக்ஸ்", முதல் அங்கத்தின் முடிவு. பள்ளிக்கூடத்து நிலவறைப் படியில் அப்போது டொக்டராக நடித்த சில்வெஸ்டர் மக்கோய் ஓடி ஏறுகிறார், மேலே கதவு பூட்டிக் கிடக்கிறது, பின்னால் அது அந்தரத்தில் எழும்பி வருகிறது. அங்கம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. மிச்சத்துக்கு ஒரு கிழமை காத்திருக்க வேண்டும்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. லண்டனுக்கு வந்து ஒரு வருடம்தான். ஒரே வீட்டில் மூன்று குடும்பம், ஒரு ரிவி. புதன்கிழமை அதே நேரத்தில் மற்ற அலைவரிசையில் கொரோனேஷன் ஸ்ட்ரீட் போகும், மேல்மாடி அக்காவுக்கு அது வேண்டும். கிழமை முழுதும் அவருடைய பாத்திரங்களைக் கழுவிக் கொடுத்து அந்த 25 நிமிடத்தை வாங்கினேன். டொக்டர் எப்படித் தப்புவார் என்று கொப்பியின் பின்பக்கத்தில் ஆறு வழி கீறி வைத்திருந்தேன். ஒன்றும் சரிவரவில்லை. அந்த ஏழு நாளும் தொடரின் பகுதிதான். 2005ல் அதைத்தான் எடுத்துவிட்டார்கள். ஆபத்து, விளக்கம், ஓட்டம், தீர்வு எல்லாம் 45 நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பார்க்கிறவனுக்கு யோசிக்க என்ன மிச்சம்? முதல் பகுதியிலேயே குப்பைத் தொட்டி ஏப்பம் விட்டதைப் பற்றி நான் கதைக்கவே வரவில்லை.

மணல்கடிகாரம்:
45 நிமிடத்தைக் குற்றம் சொல்லுமுன் ஒன்றைப் பார்க்க வேண்டும். 1985ல் காலின் பேக்கர் டாக்டராக நடித்த சீசன் முழுக்க 45 நிமிடப் பகுதிகள்தான். ஏப்பத்தை இழுத்தால் நான் 1988ன் கேண்டிமேனை இழுப்பேன், மிட்டாயால் செய்த ரோபோ! பழையதில் இருந்தால் கலை, புதியதில் இருந்தால் கேவலமா? வாயு முகமூடி போட்டுக்கொண்டு அம்மாவைத் தேடி அலையும் அந்தச் சிறுவனின் கதை 2005ல்தான் வந்தது, அதுவும் இரண்டு பகுதி. அந்த இடைப்பட்ட வாரம் என் தம்பி விளக்கை அணைக்கவே விடவில்லை.

தென்குரொய்டன்:
1985ல் நேரம் கூடியது, ஆனால் ஒவ்வொரு கதையும் இரண்டு மூன்று அங்கமாக உடைந்துதான் வந்தது. காத்திருப்பு போகவில்லை. கேண்டிமேன் வருகிற கதையில் சோகமாக இருப்பதே குற்றம், சோகமாக இருக்கிறவர்களைக் கொல்லுகிறார்கள். அந்த இனிப்புக்குக் கதையில் ஒரு வேலை இருக்கிறது. 2005ல் அமைச்சர்கள் வேடத்தில் காற்று விடுகிற ஸ்லிதீன் என்ற வேற்றுக்கிரகக் கூட்டத்துக்கு என்ன வேலை? முகமூடிச் சிறுவன் கதையை ஒத்துக்கொள்கிறேன். அது அருமையானது. அது ஏன் அருமையாக வந்தது என்றால், இடையில் ஒரு கிழமை இருந்தது.

நீலப்பெட்டி:
திருத்தத்துக்கு நன்றி அண்ணா, 1988 கதையைத் தேடிப் பார்த்துவிட்டேன். பூட்டிய கதவுதான் அந்த இடத்தின் உயிர்.

ஆனால் வேறு தொடர் என்கிற வார்த்தையை என்னால் ஏற்க முடியவில்லை. 1989க்கும் 2005க்கும் நடுவில் இதை உயிரோடு வைத்திருந்தது யார்? 1991ல் தொடங்கிய புதிய நாவல்கள், 1999ல் தொடங்கிய பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஒலி நாடகங்கள். எழுதினவர்கள் பெரும்பாலும் ரசிகர்கள். அவர்கள்தான் 2005ல் உள்ளே வந்தார்கள். "டாலெக்" எழுதிய ராபர்ட் ஷியர்மன் அதற்கு முன் ஒலி நாடகத்தில் அதே கருவைத் தொட்டவர். பால் கார்னெல் 1995ல் எழுதிய நாவல் 2007ல் திரையில் வந்தது. பிறகு டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் சின்ன வயதிலிருந்தே ரசிகர். வெளியாள் யாரும் பெயரைத் திருடிக்கொண்டு போகவில்லை.

இன்னும் பின்னால் போனால், அறுபதுகளின் ஒளிநாடாக்களை பிபிசி அழித்துவிட்டது. 2013ல் நைஜீரியாவில் 9 பகுதிகள் கிடைத்தன, அப்படியும் 90க்கு மேல் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் காணாமல் போன பகுதிகள் எல்லாவற்றின் ஒலியும் இன்று இருக்கிறது. டிவி பெட்டிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்களால். வீட்டில் யாரும் இருமக்கூடாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

தென்குரொய்டன்:
என் மனத்தாங்கலும் அங்கேதான் இருக்கிறது. 16 வருடம் நாங்கள் புத்தகத்திலும் ஒலிநாடாவிலும் காத்துவைத்த கலிஃப்ரேயை, அதாவது டொக்டரின் சொந்தக் கிரகத்தை, பெரிய போரில் அழிந்துபோனது என்று ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்கள். 2005ல் அதைத் திரையில் காட்டக்கூட இல்லை. புதிதாக வருகிறவனுக்குப் பழைய சுமை வேண்டாம் என்றுதான் செய்தார்கள், அது விளங்குகிறது. ஆனால் அந்தச் சுமை நான்தானே?

மணல்கடிகாரம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி யோசித்ததே இல்லை.

நீலப்பெட்டி:
அண்ணா, 2006ல் வந்த "ஸ்கூல் ரீயூனியன்" பார்த்தீர்களா? டாக்டரோடு பயணம் செய்து, 1976ல் அவர் இறக்கிவிட்டுப் போன சாரா ஜேன், 30 வருஷம் கழித்து அதே எலிசபெத் ஸ்லேடன் முகத்தோடு வந்து நிற்கிறார். உனக்காகக் காத்திருந்தேன், நீ வரவே இல்லை, செத்துவிட்டாய் என்று நினைத்தேன் என்கிறார். அது உங்களைப் போன்றவர்களுக்காக எழுதின வசனம் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். சுமை என்று நினைத்தவர்கள் அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

தென்குரொய்டன்:
நேற்றே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

என் பெயர் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. 1976ல் வந்த "த ஹாண்ட் ஒஃப் ஃபியர்" கதையின் கடைசி அங்கத்தில், இதுதான் உன் இடம், சவுத் குரொய்டன் என்று சொல்லித்தான் டொக்டர் சாராவை இறக்கிவிடுகிறார். பெட்டி மறைந்த பிறகு சுற்றிப் பார்த்தால் அது அவளுடைய தெரு இல்லை. விஎச்எஸ்ஸில் அதைப் பார்த்தபோது எனக்கு இருபது வயது, நாங்கள் லண்டனின் தெற்கே அதே குரொய்டனில்தான் இருந்தோம். வீடு வந்துவிட்டது என்று இறக்கிவிட்ட இடம் வீடாக இல்லை. அது எனக்கு ஏன் பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

2006ல் அவள் டொக்டரிடம், நீ விட்டுவிட்டுப் போனது குரொய்டன் இல்லை, ஸ்கொட்லாந்தில் இருக்கிற அபெர்டீன் என்று சொன்னபோது நான் அழுதேன். அதைத் தெரிந்தவர்கள்தான் எழுத முடியும். சரி தம்பி, வேறு தொடர் என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். காத்திருப்பைப் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். நீங்கள் "த ஹாண்ட் ஒஃப் ஃபியர்" பார்க்கவேண்டும். நான்கு அங்கம். கிழமைக்கு ஒன்று, ஒரே இரவில் வேண்டாம்.

நீலப்பெட்டி:
இன்று முதல் பகுதி பார்த்தேன் அண்ணா. அணு உலைக்குள் சாரா திறந்து வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் அந்தக் கல் கை விரலை அசைத்தது, முடிந்துவிட்டது. அடுத்தது கணினியிலேயே இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை வரை தொடமாட்டேன்.