கடைமடைக் குளம்

குழு: மாயவரத்து வீடு
டிசம்பர் 31

மாலை 6:48

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) புத்தாண்டு அன்று இந்த 7 பொருள்களை வாசலில் வைத்தால்...

பெரியம்மா: இதைக் காலையிலேயே போட்டுவிட்டீர்கள்.

பெரியப்பா: அது வேறு. அதில் 5 பொருள்தான்.

அண்ணன்: அத்தை, ஒரு விண்ணப்பம். அமெரிக்காவில் பிராண்டன் சாண்டர்சன் என்று ஒரு ஃபேன்டசி எழுத்தாளர் இருக்கிறார். வருடா வருடம் டிசம்பரில் என்ன எழுதினேன், எது பாதியில் நிற்கிறது, அடுத்து என்ன என்று வாசகர்களுக்கு நீளமாகக் கணக்கு ஒப்பிப்பார். நீங்களும் எழுதுங்களேன். வாசகர்கள் இந்தக் குழுவிலேயே இருக்கிறோம்.

சித்தப்பா: குழுவில் இருப்பவர்களில் படித்தவர்கள் எத்தனை பேர்?

அண்ணன்: அந்தக் கணக்கு எடுத்தால் முதலில் மாட்டுவது நீங்கள்தான் சித்தப்பா.

அத்தை: அவர் 2022-இல் நாலு நாவலுக்காக கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் வாசகர்களிடமே 4 கோடி டாலருக்கு மேல் திரட்டியவர்டா. நான் அரையாண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டு பாக்கி. முடித்துவிட்டு வருகிறேன்.

இரவு 8:05

அத்தை: சரி, எழுதுகிறேன். நடுவில் யாரும் ஃபார்வர்டு போட வேண்டாம். அண்ணா, உங்களைத்தான்.

பெரியப்பா: 👍

அத்தை: எப்படியும் கேட்பீர்கள், அதனால் முதலில் பணம். ஒரு காலத்தில் ஒரு பதிப்பு என்றாலே 1200 பிரதி. இப்போது நூறு, இருநூறு என்று அச்சடித்து, தீர்ந்தால் மறுபடி போடுகிறார்கள். என் நாவலின் முதல் பாகம் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. 300 ரூபாய்ப் புத்தகம், 10 சதவீதம் ராயல்டி.

சித்தப்பா: அப்படியானால் ஒரு பிரதிக்கு 30 ரூபாய். ஒரு ஃபில்டர் காபி. பெங்களூரில் அதுவும் வராது.

அத்தை: ஆமாம் தம்பி. நான் காபி குடிப்பதற்காக எழுதவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் ராயல்டி வந்த அன்றைக்குக் காபி நன்றாகத்தான் இருந்தது.

நான்: 😂😂

அத்தை: அடுத்து, இந்த வருடம் எழுதாதவை. ஒரு இதழுக்குத் தருவதாகச் சொன்ன சிறுகதை தரவில்லை. இரண்டாம் பாகத்துக்கு வரைபடம் போடவில்லை (மருமகள் வரைந்து தருவதாகச் சொன்னாள், சொன்னதோடு சரி).

நான்: அத்தை, செமஸ்டர்!

அத்தை: தெரியும்டி. இரண்டாம் பாகம் முடிந்தது. புரூஃப் மூன்று பேர் பார்த்தாகிவிட்டது, பைண்டிங்கில் இருக்கிறது. நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு வந்துவிடும் என்கிறார் பதிப்பாளர். டிசம்பரில் எல்லாப் பதிப்பாளரும் எல்லா எழுத்தாளருக்கும் சொல்கிற வாக்கியம் இது. அட்டையைப் பார்த்தால் நம்புகிறேன்.

அண்ணன்: குளம் வருகிறதா? அதை மட்டும் சொல்லுங்கள். முதல் பாகம் முழுக்க அந்தக் குளத்தைத் தேடித்தானே கிளம்பினார்கள்.

பெரியம்மா: எந்தக் குளம்?

அண்ணன்: பெரியவர்களே படிக்கவில்லையா! நாயகியின் அம்மாவுக்கு நடக்க முடியாது. முழுகி எழுந்தால் உடல் குறை எல்லாம் தீரும் என்று ஒரு குளம். அம்மாவை வண்டியில் வைத்துக்கொண்டு மகள் கிளம்புகிறாள்.

அத்தை: குளம் என்னுடையது இல்லை அண்ணி. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா ஊரெடுத்த காதையில் புகார் நகரத்து ஐந்து மன்றங்கள் வரும். அதில் ஒன்று இலஞ்சி மன்றம். கூனர், குள்ளர், ஊமை, செவிடர், தொழுநோயாளர் எல்லாரும் அந்தப் பொய்கையில் முழுகி நல்ல உடம்போடு வலம் வந்து போவார்கள். சின்ன வயதில் நம்மைப் பூம்புகார் கலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது பார்த்தோமே.

பெரியப்பா: எனக்கு அங்கே சாப்பிட்ட சுண்டல்தான் ஞாபகம் இருக்கிறது.

அத்தை: எனக்குப் பள்ளியில் அந்தப் பகுதியைப் படித்தபோதே பிடித்துப்போனது. சதுக்கப் பூதத்தை எல்லாருக்கும் தெரியும், பொய்ச்சாட்சி சொல்கிறவனைப் பாசக்கயிற்றில் கட்டி அடித்து விழுங்குகிற பூதம். எனக்கு அதைவிடப் பாவை மன்றம்தான். அரசன் கோல் வளைந்தால், நீதிமன்றம் ஒரு பக்கம் சாய்ந்தால், அந்தப் பாவை வாயைத் திறக்காமல் கண்ணீர் விடும். அவ்வளவுதான் அதனால் முடியும். ஆனால் பாருங்கள், அழுகிற பாவை இருந்தது புகாரில். நீதி தவறியது மதுரையில். மதுரைக்கு ஒரு பாவை இருந்ததாக இளங்கோ சொல்லவில்லை. கண்ணகியே நடந்து போய்க் கேட்க வேண்டியிருந்தது.

அண்ணன்: அத்தை, இது புத்தகத்தில் இருக்கிறதா?

அத்தை: மூன்றாம் பாகத்துக்கு வைத்திருக்கிறேன். கசியவிடாதே.

சித்தப்பா: குளத்துக்கு வாருங்கள் அக்கா.

இரவு 8:31

அத்தை: வருகிறேன். ஆடியில் அம்மா கொல்லைப்புறத்தில் விழுந்தது, இடுப்பு எலும்பு, ஆபரேஷன், எல்லாம் உங்களுக்குத் தெரியும். அப்போது இரண்டாம் பாகத்தில் குளம் வரைக்கும் எழுதி வைத்திருந்தேன். அம்மாவைத் தூக்கிப்போய் முக்குகிறார்கள், எழுகிறாள், நடக்கிறாள். ஒரே பக்கம். ஒளி, மீன், தாமரை எல்லாம் உண்டு.

அத்தை: வீட்டுக்கு வந்த பிறகு பிசியோ வந்தார். ரேழியிலிருந்து கூடத்துக்கு ஏற ஒரே ஒரு படி இருக்கிறதல்லவா, அதில்தான் பாடம். ஏறும்போது நல்ல கால் முதலில், அப்புறம் ஆபரேஷன் செய்த கால். இறங்கும்போது நேர்மாறு, ஆபரேஷன் செய்த கால்தான் முதலில். அம்மா ஒவ்வொரு முறையும் மாற்றி வைப்பாள். வாக்கரின் முன்காலில் ஒன்று படியில், ஒன்று தரையில், நடுவில் அம்மா என்னைத் திட்டிக்கொண்டு நிற்பாள். பிசியோவைத் திட்டமாட்டாள், அவர் வெளியாள்.

பெரியம்மா: பாவம், எத்தனை வலித்திருக்கும் அவருக்கு.

அத்தை: அன்றைக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்தால் குளம். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. குளம் என்றால் படித்துறை இருக்கும். நடக்க முடியாதவள் குளிக்க வேண்டுமானால் முதலில் படி இறங்க வேண்டுமே! கூனும் குறளும் எப்படி இறங்கினார்கள்? யார் கையைப் பிடித்தார்கள்? வரிசையில் பின்னால் நின்றவன் சலித்துக்கொண்டானா? அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிட்டேன். இப்போது படித்துறையே ஒரு அத்தியாயம். கெட்ட கால் முதலில்.

அண்ணன்: சாண்டர்சனும் இதைத்தான் சொல்வார் அத்தை. ஒரு மாயத்தால் என்ன முடியும் என்பதைவிட என்ன முடியாது என்பதுதான் கதை.

அத்தை: நல்ல விதி. எனக்கு அதைப் பிசியோ சொல்லிக்கொடுத்தார்.

நான்: அப்புறம்? இறங்கி முழுகினாளா?

அத்தை: கடைசிப் படி வரை இறங்கிவிட்டாள். குளத்தில் தண்ணீர் இல்லை.

அண்ணன்: என்ன???

நான்: அத்தை!!

சித்தப்பா: இதுக்குத்தான் நான் படிப்பதில்லை.

அத்தை: மாயக்குளமாகவே இருக்கட்டும், தண்ணீர் மேலே இருந்துதானே வர வேண்டும்? கதையில் அந்த ஊர் கடலோரம், ஆற்றின் கடைமடை. மேலே இருக்கிற நாடு மதகை அடைத்துவிட்டது. நாம் கடைமடைக்காரர்கள், மேட்டூரில் திறந்த தண்ணீர் எப்போது நம் வாய்க்காலுக்கு வரும் என்று பார்த்தே வளர்ந்தவர்கள். தாமரையும் ஒளியும் எனக்கு வெளியூர். வறண்ட குளம்தான் சொந்த ஊர்.

பெரியப்பா: மேட்டூர் ஜூன் 12.

அத்தை: தேதிக்குத் திறந்த வருடங்கள் எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள் அண்ணா. வேலை பார்த்தவர் நீங்கள்.

பெரியப்பா: அதைக் குழுவில் சொல்ல வேண்டாம்.

அண்ணன்: ஆனால் அத்தை, வாசகனுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு என்ன ஆவது? ஒரு பாகம் முழுக்கக் காத்திருந்தோமே.

அத்தை: அந்தக் கேள்வி நியாயம்தான். இரண்டு மாதம் அதோடுதான் மல்லுக்கட்டினேன். ஆனால் பக்கத்து அறையில் அம்மா இருக்கும்போது ஒரு முக்கில் குணமாக்க எனக்குக் கை வரவில்லை. கதையில் வருகிறவளுக்கு மட்டும் அவ்வளவு சுலபமா என்று கோபம்கூட வந்தது. இது இலக்கியக் காரணமா, சொந்தக் காரணமா என்று விமர்சகர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

இரவு 8:52

அத்தை: அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள். ஏதோ சொல்ல வேண்டுமாம்.

அத்தை: (குரல் செய்தி 0:38)

நான்: பஸ்ஸில் இருப்பவர்களுக்காகப் பாட்டி சொன்னதை எழுதுகிறேன்: “எல்லாருக்கும் நல்ல வருஷமா இருக்கட்டும். இவ என்னமோ எனக்காகக் குளத்தை வத்தடிச்சேங்கறா. நான் கேட்டேனா? அந்தப் பொம்பளை அத்தனை படி எறங்கி வந்துட்டா. தண்ணிய விட்டு ஒரு முக்கு முக்கிருந்தா இவளுக்கு என்ன கொறஞ்சுபோச்சு? கதைதானே. கதையிலகூட நான் வாக்கரோட அலையணுமா?”

சித்தப்பா: அம்மாவுக்கு ஜே!

பெரியம்மா: மிகச் சரி 👏

அண்ணன்: பாட்டிதான் என் கட்சி.

அத்தை: அம்மா, புத்தகம் பைண்டிங்குக்குப் போய்விட்டது என்று நேரில் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை.

அத்தை: (குரல் செய்தி 0:07)

நான்: பாட்டி: “அப்ப மூணாம் பாகத்துல மதகைத் தொற.”

அத்தை: திறக்க வேண்டுமானால் எல்லையில் ஒரு போர் நடக்க வேண்டும், அதற்கு நாயகிக்குப் படை வேண்டும், படைக்கு நெல் வேண்டும், நெல்லுக்குத் தண்ணீர் வேண்டும். அங்கேதான் நான் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பெரியப்பா: போர் எதற்கு? மதகு எத்தனை கண், பலகையா ஷட்டரா, ஏற்றி இறக்குவது திருகா சங்கிலியா, அதைச் சொல். மேலே ஆள் காவல் இருந்தாலும் ராத்திரியில் இரண்டு பேர் போனால் போதும்.

அத்தை: மரப்பலகை அண்ணா. பழைய காலம்.

பெரியப்பா: பலகையா? அப்படியானால் ஒரே ஒரு பலகையை உருவினாலே மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். இரு, பேப்பரில் வரைந்து போட்டோ அனுப்புகிறேன்.

பெரியம்மா: சாப்பிட்டுவிட்டு வரையுங்கள். தோசை ஆறுகிறது.