சித்திக்கு மார்பகப் புற்றுநோய், என் மார்பிலும் ஒரு சிறு கட்டி: ஆறு மாதம் காத்திருக்கலாமா?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரையில் வசிக்கிறேன். வயது 36, இரண்டு குழந்தைகள். சென்ற மாதம் என் சித்திக்கு (அம்மாவின் உடன்பிறந்த தங்கை, வயது 43) இடது மார்பகத்தில் புற்றுநோய் என்று உறுதியாயிற்று. அந்தக் கட்டி இருப்பது அவருக்கு ஏறத்தாழ ஓராண்டாகவே தெரிந்திருக்கிறது. வலி இல்லாததால் பழைய பால்கட்டு என்று நினைத்துக்கொண்டு, மூத்த மகளின் கல்யாணம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். இப்போது அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறது. முதலில் கீமோதெரபி கொடுத்துக் கட்டியைச் சுருக்கிய பிறகே அறுவை சிகிச்சை என்று மருத்துவர்கள் கூறியிருக்கிறார்கள்.

அந்தப் பயத்தில் நானும் தடவிப் பார்த்தேன். வலது மார்பகத்தின் மேல்பக்கத்தில் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. விரலால் தள்ளினால் நழுவுகிறது, வலி இல்லை. அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறிக்கையில் 'ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம், பை-ராட்ஸ் 3, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறார்கள். ஊசி குத்திச் சோதித்தால் சும்மா கிடப்பதைக் கிளறிவிட்டதாகும் என்கிறார் அம்மா. உடனே அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் என் கணவர். ஆறு மாதத்தை இந்த இருவருக்கும் நடுவில் எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாச்சி ஐம்பது வயதுக்குள்ளேயே வயிற்றில் கட்டி வந்து, நீர் கோத்து இறந்தார் என்பார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இந்த வயதில் நான் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க வேண்டுமா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆறாண்டு கடந்தவள்:

சகோதரி, நான் மருத்துவர் அல்லள். 51 வயதில் இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்று ஆறாண்டுகளாக நலமாக இருப்பவள். உங்கள் சித்தியின் தவறு என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வலித்தால்தான் நோய் என்று பழகிய உடம்பு நம்முடையது. பல்வலிக்கு ஓடுகிற நாம், வலிக்காத கட்டிக்கு ஓடுவதில்லை.

எனக்குக் கட்டியே தட்டுப்படவில்லை. ஒரு பக்க முலைக்காம்பில் மட்டும் அரிப்பும் செதிலும் வந்து, புண்ணாகி, உள்ளாடையில் கறை படிந்தது. தோல் நோய் என்று நான்கு மாதம் களிம்பு தடவினேன். களிம்பு எழுதிக் கொடுத்தவரும் ஒருமுறைகூட மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. பிறகுதான் அது பேஜட் நோய், அதாவது முலைக்காம்பில் தோன்றும் ஒருவகை மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. சாதாரணப் படை பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், களிம்புக்கு அடங்கும் என்றும், ஒரே காம்பில் வந்து ஆறாமல் நிற்கும் புண்ணைத் தோல்நோய் என்று விட்டுவிடக் கூடாது என்றும் பின்னர் எனக்குச் சொன்னார்கள். என்னோடு சிகிச்சை பெற்ற ஒரு பெண்மணி, கொடியில் துணி காயப்போடக் கையைத் தூக்கியபோது மார்பின் தோல் ஓரிடத்தில் குழிந்ததைக் கண்ணாடியில் பார்த்து வந்தவர். இன்னொருவருக்குக் காம்பு உள்ளிழுத்துக்கொண்டது. கட்டி ஒன்றையே தேடிக்கொண்டிருந்தால் இவையெல்லாம் கண்ணில் படாமல் போகும்.

மலையடிவாரம்:

எங்கள் ஊரில் இம்மாதிரிக் கட்டிகளுக்குக் கழற்சிக்காய் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். என் அக்காவுக்கு இரண்டே மாதத்தில் கரைந்துவிட்டது. ஊசிக்கு முன்னால் அதை முயன்று பார்க்கலாமே.

கதிரியல் மருத்துவர்:

வைகைக்கரை அவர்களுக்கு: உங்களை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. உங்கள் அறிக்கையின் பொருளை மட்டும் விளக்குகிறேன்.

பை-ராட்ஸ் என்பது மார்பகப் படங்களைப் படிக்கும் மருத்துவர்கள் 0 முதல் 6 வரை இடும் வகைப்பாடு. 3 என்றால், அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 2-க்கும் குறைவு என்று பொருள். ஆறு மாதம் என்பதும் மறந்துவிட்டு இருப்பதற்கான தவணை அன்று. குறித்த நாளில் மறுபடி படம் எடுத்து, அளவும் வடிவமும் மாறியிருக்கிறதா என்று ஒப்பிடுவதற்கான இடைவெளி. 4 என்று வந்தால் ஊசிச் சோதனை வேண்டும். 5 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 95-க்கும் மேல். உங்கள் வயதில் நழுவி ஓடும் வழவழப்பான கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாவாகவே இருக்கும். அது தீங்கற்ற கட்டி, புற்றுநோய் அன்று.

ஆயினும் இரண்டு காரணங்களால் உங்கள் விஷயத்தில் ஸ்கேன் அறிக்கையோடு நின்றுவிட நான் விரும்பமாட்டேன். கையில் தட்டுப்படும் கட்டியை மூன்று வழியாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பழைய விதி: மருத்துவர் கையால் பரிசோதிப்பது, படம் எடுப்பது, தேவைப்பட்டால் திசுவை எடுத்துப் பார்ப்பது. நீங்கள் ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கையால் காட்டியதாக எழுதவில்லை. அடுத்தது உங்கள் குடும்ப வரலாறு. இப்படி வரலாறு உள்ளவர்களுக்கு ஆறு மாதம் காத்திராமல் இப்போதே ஊசி வழியாகத் திசு எடுத்துப் பார்ப்பது ஏற்கத்தக்க முடிவுதான். மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று உங்கள் அம்மா மட்டும் அஞ்சவில்லை, நாள்தோறும் ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். அது பரவுவதில்லை. கட்டி எவ்வகை, அதில் ஹார்மோன் ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள்) உண்டா, ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருக்கிறதா என்பவற்றை அறியாமல் இன்று சரியான சிகிச்சையைத் தொடங்கவும் முடியாது. என்னவென்று தெரியாமலே அறுத்து எடுப்பதும் சரியன்று என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

மேமோகிராம் பற்றி: இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். அந்தத் திசுவும் வெண்மை, கட்டியும் வெண்மை. பனிமூட்டத்தில் வெள்ளாட்டைத் தேடுவது போலாகும். அதனால்தான் இளம்பெண்களுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட் செய்கிறோம். உங்கள் வயதில், கட்டி தட்டுப்படும்போது, சந்தேகம் தீர மேமோகிராமும் சேர்த்து எடுப்பதுண்டு. அதை மருத்துவர் முடிவு செய்வார். எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்கள் 40 வயதிலிருந்து 74 வரை ஈராண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம் என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024-இல் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை உங்களுக்கானது அன்று. நீங்கள் ஏற்கெனவே ஒரு கட்டியோடு வருபவர்.

உங்கள் அம்மாச்சியின் 'வயிற்றுக் கட்டி' எந்த உறுப்பில் வந்தது என்று தயவுசெய்து விசாரியுங்கள். சினைப்பையில் வந்திருந்தால் கணக்கு மாறும்.

மலையடிவாரம் அவர்களுக்கு: உங்கள் அக்காவுக்கு இருந்தது நீர்க்கட்டியாகவோ பால்கட்டாகவோ இருந்திருக்கலாம், அவை தாமாகவே வடிந்துபோவதுண்டு. இன்னதென்று தெரியாத கட்டிக்குப் பற்றுப் போட்டால், கரைகிறது கரைகிறது என்ற நம்பிக்கையிலேயே மாதங்கள் போய்விடும்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்:

மாதந்தோறும் தாமே தடவிப் பார்க்க வேண்டும் என்று முப்பதாண்டுகளாக ஊர் ஊராகச் சொல்லி வந்தவள் நான். இப்போது அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். சீனாவின் ஷாங்காய் நகரில் நெசவாலைகளில் வேலை செய்த ஏறத்தாழ 2,66,000 பெண்களை வைத்து 1989-இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். சுய பரிசோதனை கற்றுக்கொடுக்கப்பட்டவர்களிடையேயும், கற்றுக்கொடுக்கப்படாதவர்களிடையேயும் இந்நோயால் நேர்ந்த இறப்புகள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன. கற்றுக்கொண்டவர்களுக்குத் தீங்கற்ற கட்டிகளுக்கான திசுச் சோதனைகள்தாம் கூடின.

பயிற்சி பெற்றவர் கையால் பார்ப்பதற்குப் பலன் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் 1998-இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயதுவரை உள்ள 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை சோதித்தார்கள். இருபதாண்டு முடிவுகள் 2021-இல் வெளியாயின. அப்பிரிவில் நோய் முன்கட்டத்திலேயே பிடிபட்டது. 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே இந்நோயால் ஏற்பட்ட இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத கைகளால் நடந்த வேலை என்பதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. நம் நாட்டில் 30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதிக்க வேண்டும் என்பது 2016 முதல் அரசின் நெறிமுறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் செய்வார்கள். கேட்பதற்குத்தான் நம் பெண்கள் கூச்சப்படுகிறார்கள்.

அப்படியானால் தாமே பார்த்துக்கொள்ள வேண்டாமா என்றால், பார்க்கலாம். மாதவிலக்கு தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள், வீக்கம் அடங்கியபின், தம் மார்பகம் வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்திருந்தால் போதும். புதிதாக ஒன்று வந்தால் கைக்குத் தெரியும். இந்தச் சித்தியும் தம் கட்டியைத் தாமேதான் கண்டுபிடித்தார். ஓராண்டு போனது கண்டுபிடிப்பதில் அன்று, வாய்விட்டுச் சொல்வதில். மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிற வழியில் மருத்துவமனை இல்லாமலா இருந்திருக்கும்? கோபத்தில் எழுதவில்லை, இப்படி எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

பால் கொடுத்தவர்களுக்கு வராது என்ற பேச்சும் உண்டு. பால் கொடுத்தல் ஆபத்தைச் சற்றுக் குறைக்கிறது. ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்துக்கும் ஏறத்தாழ 4.3 விழுக்காடு என்று 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் கணக்கிட்டார்கள். குறைப்பது வேறு, வராமல் தடுப்பது வேறு. சிறுவயதில் பூப்பெய்துதல், தாமதமாக மாதவிலக்கு நிற்றல், முப்பதுக்குப் பின் முதல் பிள்ளை, மாதவிலக்கு நின்றபின் கூடும் உடல் எடை, மது ஆகியவை ஆபத்தைக் கூட்டும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வருகிறது. நூற்றில் ஒரு நோயாளி ஆணாகவும் இருக்கிறார்.

சித்தியின் சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டா என்று மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாவை விட்டுப் பெரிய மாமாவிடம் கேட்டேன். அவர் பழைய தகரப் பெட்டியில் தேடி, அம்மாச்சியின் மருத்துவமனைச் சீட்டை எடுத்துக் காட்டினார். 'சினைப்பைப் புற்றுநோய்' என்றே எழுதியிருக்கிறது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லை வாயால் சொன்னதில்லை.

கதிரியல் மருத்துவர்:

அந்தச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வழியில் சினைப்பைப் புற்றுநோயும் இளவயது மார்பகப் புற்றுநோயும் வரும்போது, பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்னும் மரபணுக்களில் பிறழ்வு இருக்கிறதா என்று சோதிப்பது முறை. மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றோ அதற்கும் குறைவோதான் இப்படிப் பரம்பரையாக வருவது. ஆனால் அப்பிறழ்வு உள்ள பெண்களுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு. அவர்களை ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்து இளவயதிலிருந்தே கண்காணிக்கிறார்கள்.

முதலில் சோதிக்க வேண்டியது உங்களை அன்று, நோய் வந்துள்ள சித்தியை. அவரிடம் பிறழ்வு கண்டால் அடுத்து உங்கள் அம்மாவைச் சோதிக்க வேண்டும். அம்மாவிடம் அது இல்லையென்றால் அவர் வழியாக உங்களுக்கு வந்திருக்க இடமில்லை. இருந்தால் உங்களுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. உங்கள் பெரிய மாமாவும் இதில் விலக்கு இல்லை. ஆண்களும் இதைச் சுமந்து மகள்களுக்குக் கொடுப்பார்கள். மரபணு ஆலோசனை தரும் புற்றுநோய் மையத்தில் காட்டுங்கள். உங்கள் கட்டிக்கான ஊசிச் சோதனை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வைகைக்கரை:

வரும் வியாழக்கிழமை அறுவை சிகிச்சை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். ஊசி என்றதும் அம்மா முதலில் பேசவே இல்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, தாமும் வருவதாகச் சொன்னார்.