நைட் ஷிஃப்ட்டில் கவனம் நிற்க மூளை மாத்திரை: தைராய்டு உள்ளவர்கள் போடலாமா?

சோழிங்கநல்லூர்_ராக்கோழி:
வணக்கம். வயது 34, ஐடி கம்பெனியில் சப்போர்ட் வேலை. மாலை ஆறரைக்கு லாகின் செய்தால் முடிய மூன்றரை ஆகிவிடும். இரவு ஒரு மணி தாண்டினால் ஒரே டிக்கெட்டை (கஸ்டமர் புகாரை) திரும்பத் திரும்பப் படித்தாலும் மண்டையில் ஏறுவதில்லை. டீமில் சிலர் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த நூட்ரோபிக் (மூளை சுறுசுறுப்புக்கு என்று விற்கும்) கேப்ஸ்யூல் போடுகிறார்கள், மூலிகைதானே என்று எனக்கும் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். லேபிளில் ஜிங்கோ, பிரமி, அஸ்வகந்தா, ஹூபர்சைன் ஏ, கஃபைன், பி6 என்று வரிசையாகப் போட்டிருக்கிறது, ஆனால் எல்லாம் சேர்த்து ஒரே ஒரு மில்லிகிராம் கணக்குதான், எது எவ்வளவு என்று இல்லை. நான் தைராய்டு குறைவுக்குத் தினமும் தைராக்சின் 75 எடுக்கிறேன், முடி கொட்டுவதற்கு பயோட்டினும் உண்டு. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. போடலாமா?

மருந்தாளுநர்_மதுரை:
திறக்க வேண்டாம் சகோதரி. முதல் காரணம் அந்த அஸ்வகந்தா. நம் ஊர் அமுக்கராதான், ஆனால் அது தைராய்டு ஹார்மோன் அளவை ஏற்றக்கூடியது. நீங்கள் ஏற்கெனவே அதே ஹார்மோனை மாத்திரையாக எடுக்கிறீர்கள், இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று வரலாம். அதோடு அதை எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி நம் நாட்டிலிருந்தே மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன, டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. பாட்டி காலத்தில் பாலில் ஒரு சிட்டிகை சூரணம் கலந்து கொடுத்ததும், செறிவாக்கிய சாற்றைத் தினமும் கேப்ஸ்யூலில் விழுங்குவதும் ஒன்று இல்லை.

அடுத்தது ஹூபர்சைன். பெயரைப் பார்த்தால் மூலிகைச் சமாசாரம் மாதிரி இருக்கும், ஆனால் ஞாபகமறதி நோய்க்கு டாக்டர்கள் எழுதும் டோனெபெசில் எந்த வழியில் வேலை செய்கிறதோ அதே வழியில்தான் இதுவும் வேலை செய்கிறது. குமட்டல் வரும், நாடித்துடிப்பு குறையும். அப்படி ஒன்றை அளவு தெரியாமல் எப்படிப் போடுவது?

அளவு போட்டிருந்தாலும் நம்ப முடியாது என்பது வேறு விஷயம். அமெரிக்காவில் சப்ளிமென்ட் விற்க முன் அனுமதி தேவையில்லை, 1994 சட்டம் அப்படி. டாக்டர் பீட்டர் கோஹன் குழு மூளைக்கு என்று விற்கும் 10 பொருட்களைச் சோதித்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், அங்கே அனுமதியே இல்லாத 5 மருந்துகள் கிடைத்தன. லேபிளில் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் பலவற்றில் ஒத்துப்போகவில்லை.

தாம்பரம்_தம்பி:
ஜிங்கோ பற்றி யாராவது சொல்லுங்களேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ஆஸ்பிரின் எடுக்கிறார், மறதிக்கு என்று ஜிங்கோ வாங்கித் தரச் சொல்கிறார்.

மருந்தாளுநர்_மதுரை:
தம்பி, வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஜிங்கோ சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். பலனாவது உண்டா என்றால் அதுவும் இல்லை. 75 வயது தாண்டிய 3,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தினமும் 240 மில்லிகிராம் வீதம் வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்தது, மறதி நோயை அது தடுக்கவில்லை. அப்பாவின் மறதியை இதய டாக்டரிடமே சொல்லுங்கள்.

இரவுப்பணி_செவிலி:
மாத்திரையை விடுங்கள், எனக்கு வேறு சந்தேகம். தைராய்டு மாத்திரையை எப்போது போடுகிறீர்கள்? நைட் ஷிஃப்ட் ஆட்கள் பதினோரு மணிக்கு எழுந்து மாத்திரையை வாயில் போட்ட கையோடு ஃபில்டர் காபியைக் குடிப்பதை நிறையப் பார்க்கிறேன். மாத்திரை உடம்பில் சேர்வதைக் காபி குறைத்துவிடும், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரை என்றால் நான்கு மணி நேரம். மருந்து சரியாகச் சேராமல் தைராய்டு குறைந்தே கிடந்தாலும் மூளை மந்தமாகத்தான் இருக்கும், அதை ஷிஃப்ட் தலையில் கட்டிவிடுவோம்.

டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்த டெஸ்ட்) பார்க்கும்போது பி12, ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். சைவம் என்றால் பி12 குறைய நிறைய வாய்ப்பு. குறைந்திருந்தால் டாக்டர் சொல்லும் பி12 மாத்திரை நிஜமாகவே வித்தியாசம் காட்டும். அதை விட்டுவிட்டு இந்தக் கலவையில் பி6-ஐ அளவு தெரியாமல் மாதக்கணக்கில் ஏற்றினால் கை கால் மரத்துப்போகும் நரம்புப் பிரச்சினை வரலாம். குறட்டை விடுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள், அதனால் தூக்கம் கெட்டாலும் மூளை மந்தமாக இருக்கும்.

பெருங்குடி_டெஸ்டர்:
அக்கா, எங்கள் டீமில் சிலர் மோடஃபினில் போடுகிறார்கள், அது மருந்துதானே, சுத்தமாக இருக்குமே?

இரவுப்பணி_செவிலி:
மருந்துதான், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. நார்கோலெப்சி (பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வரும் நோய்) மாதிரியான தூக்கக் கோளாறுகளுக்கு எழுதுவது. பாதி அளவு உடம்பை விட்டு வெளியேறவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி பத்துக்குப் போட்டால் காலையில் எப்படித் தூங்குவீர்கள்? அரிதாக உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு அந்த மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும், இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, பக்கத்து சீட்டில் இருந்து ஒன்று வாங்கிப் போட்டுவிடுகிறார்கள்.

சோழிங்கநல்லூர்_ராக்கோழி:
எல்லோருக்கும் நன்றி. எழுந்ததும் மாத்திரை, கையோடு காபி, அப்படியேதான் செய்கிறேன், அது தப்பு என்று யாரும் சொன்னதில்லை. பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அப்படியானால் வெறும் காபி, டீ போதுமா?

மருந்தாளுநர்_மதுரை:
போதும். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கஃபைன் வரை பிரச்சினை இல்லை, கர்ப்பமாக இருந்தால் 200-தான். கடைசி டம்ளரைப் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், சுமார் ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உள்ளேயே இருக்கும். ஒரு மணிக்குச் சொக்கினால் பிரேக்கில் இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். அப்புறம் அந்த பயோட்டின், டெஸ்டுக்கு ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னாலாவது நிறுத்திவிடுங்கள், தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டும். லேபிலும் டாக்டரிடமும் அதை எடுப்பதாக மறக்காமல் சொல்லுங்கள்.