அமெரிக்க நாட்டார் கதைகளின் விசித்திர உயிரிகள்: எது பழைய மரபு, எது பத்திரிகை கட்டியது?

காட்டுப்பூ:
சிறார் இதழுக்காக அமெரிக்க நாட்டார் கதை உயிரிகளைப் பற்றி ஒரு தொடர் எழுதுகிறேன். ஜெர்சி டெவில் (நியூ ஜெர்சியின் சிறகுள்ள சாத்தான்), மாத்மேன், பிக்ஃபுட், வெண்டிகோ, ஹோடாக் (கொம்பும் முள்ளும் கொண்ட மிருகம்) ஆகிய ஐந்தும் பட்டியலில் இருக்கின்றன. இணையத்தில் எல்லாவற்றுக்கும் "பல நூற்றாண்டுப் பழமை" என்றே போட்டிருக்கிறார்கள். உண்மையில் பழையது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? ஓவியரிடம் வெண்டிகோவை மான் கொம்போடு வரையச் சொல்லலாமா?

ஏட்டுப்பூச்சி:
அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பழைய செய்தித்தாள்களை "க்ரானிக்லிங் அமெரிக்கா" என்ற பெயரில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள். ஆனால் இன்றைய பெயரை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்காது. 1909க்கு முந்தைய ஜெர்சி டெவில் செய்திகளுக்கு "லீட்ஸ் டெவில்" என்று தேட வேண்டும். "பிக் ஃபுட்" என்று போட்டால் 1890இல் தெற்கு டகோட்டாவின் வூண்டட் நீ என்ற இடத்தில் கொல்லப்பட்ட, அதே பெயர் கொண்ட லகோட்டா பழங்குடித் தலைவரைப் பற்றிய செய்திகள் வந்து குவியும். ரோமம் அடர்ந்த காட்டு மனிதனுக்கு அந்தக் காலத்தில் "வைல்ட் மேன்" என்றுதான் எழுதினார்கள். தேடலுக்காக மங்கிய அச்சை எந்திரம் தப்பும் தவறுமாகத்தான் படித்திருக்கும். அதனால் ஆண்டு வரம்பும் மாநிலமும் கொடுத்துத் தேடி, பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் படியுங்கள்.

பிக்ஃபுட் என்ற பெயர் நாடெங்கும் பரவியது 1958இல். வட கலிபோர்னியாவின் பிளஃப் க்ரீக்கில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் 16 அங்குலக் காலடித் தடங்களைக் கண்டதாக ஹம்போல்ட் டைம்ஸ் எழுதியது. அங்கே ஒப்பந்ததாரராக இருந்த ரே வாலஸ் 2002இல் இறந்தபிறகு, மரத்தில் செதுக்கிய பாதங்களைக் குடும்பத்தார் வெளியே எடுத்துக் காட்டி, அந்தத் தடங்களை அவர்தான் இவற்றால் பதித்தார் என்றார்கள். வடமேற்குப் பசிபிக் கரைப் பழங்குடிகளிடம் ரோம மனிதர் கதைகள் அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு. இரண்டையும் ஒரே பத்தியில் குழைத்துவிடாதீர்கள்.

ஹோடாக் முழுக்க ஒருவர் கைவேலை. விஸ்கான்சின் மாநிலம் ரைன்லாண்டரைச் சேர்ந்த யூஜின் ஷெப்பர்ட் 1893இல் கிளப்பிவிட்டது. 1896 சந்தையில் மரமும் மாட்டுத்தோலும் கொண்டு செய்த உருவத்தைக் கம்பியால் அசைத்து "உயிரோடு பிடித்தோம்" என்று காட்டினார்.

வெண்பனி:
கொம்பு வேண்டவே வேண்டாம். வெண்டிகோ என்பது ஒஜிப்வே, க்ரீ முதலான அல்கோன்கியப் பழங்குடி மக்களின் கதை. அவர்கள் சொல்லும் உருவத்தில் எலும்பின்மேல் தோல் ஒட்டியிருக்கும், உதடுகளைத் தானே மென்று தின்றிருக்கும், நெஞ்சுக்குள் இதயம் பனிக்கட்டியாக இருக்கும். குளிர்காலப் பஞ்சத்தில் மனித இறைச்சி தின்றவன் இப்படி ஆகிறான். தின்னத் தின்ன உடம்பும் அதே அளவு வளர்வதால் பசி தீர்வதே இல்லை. சில கதைகளில் கொதிக்கும் கொழுப்பைத் தொண்டையில் ஊற்றி அந்தப் பனியை உருக்குவார்கள். மான் தலையும் கொம்பும் திரைப்படக்காரர்களும் ஓவியர்களும் மிகப் பிந்திச் சேர்த்தவை. கொம்பை வைத்தால் பட்டினி மறைந்துபோய் ஏதோ ஒரு காட்டு மிருகம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. பட்டியலை நீட்டும்போது நவஹோ பழங்குடி மக்களின் தோல்மாறிகளை (மிருக உருவெடுக்கும் சூனியக்காரர்களை) சேர்க்காதீர்கள். வெளியாரிடம் அதைப் பேசுவதையே அவர்கள் விரும்புவதில்லை.

காட்டுப்பூ:
கொம்பை எடுத்துவிடுகிறேன், நன்றி. ஜெர்சி டெவில் பிறந்தது 1735 என்று போடலாமா? பாலம் இடியப் போவதை மாத்மேன் எச்சரித்தது என்று எழுதலாமா?

ஆற்றோரம்:
எச்சரித்ததாக எழுதாதீர்கள். மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்ட் அருகே, இரண்டாம் உலகப்போர்க் கால வெடிமருந்து ஆலைப் பகுதியில், 1966 நவம்பர் 15 இரவு இரண்டு இளம் தம்பதிகள் பெரிய சிறகும் சிவந்து ஒளிரும் கண்களும் கொண்ட உருவத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். வழிதப்பி வந்த சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்று உயிரியலாளர் ஒருவர் அப்போதே கருத்துச் சொன்னார். அந்தக் கொக்கின் கண்ணைச் சுற்றிச் சிவப்புத் திட்டு உண்டு.

அதே ஊரில் ஒஹாயோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் விழுந்தது 1967 டிசம்பர் 15. 46 பேர் இறந்தார்கள். 1928இல் கட்டிய அந்தப் பாலம் கம்பிவடத்தில் தொங்கவில்லை. துளையிட்ட எஃகுப் பட்டைகளைக் கோத்த சங்கிலியில் தொங்கியது. ஒரு கண்ணிக்கு இரண்டே பட்டை. ஒரு பட்டையின் துளை ஓரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். அரிப்பும் இழுவிசையும் சேர்ந்து வளர்த்தது. அது அறுந்ததும் ஜோடிப் பட்டை கழன்று மொத்தப் பாலமும் ஆற்றில் போனது. பட்டைகளின் இணைப்பைக் கழற்றாமல் அந்த விரிசலைப் பார்க்கவே முடியாது. இதை விட்டுவிட்டுச் சிறகை மட்டும் எழுதுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். இரண்டு நிகழ்ச்சிக்கும் இடையே 13 மாதம் இருப்பதையும் குறிப்பிடுங்கள்.

ஏட்டுப்பூச்சி:
1735ஐப் "பிற்காலக் கதை சொல்லும் ஆண்டு" என்று மட்டும் போடுங்கள். லீட்ஸ் என்ற பெண்ணின் பதின்மூன்றாவது குழந்தை சாத்தானாகப் பிறந்தது என்பதற்கு அக்கால ஆவணம் இல்லை. ஆனால் லீட்ஸ் குடும்பம் உண்மை. டேனியல் லீட்ஸ் 1687இல் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் சோதிடம் இருந்ததால் குவேக்கர்கள் என்ற கிறித்துவப் பிரிவினர் அவரை ஒதுக்கினார்கள். அவர் மகன் டைட்டனின் சாவைத் தன் பஞ்சாங்கத்தில் முன்கூட்டி அறிவித்துக் கேலி செய்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். "லீட்ஸ் சாத்தான்" என்ற பேச்சுக்கு வேர் இந்தப் பகையில்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் சிலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

நாளிதழ்களில் தேட வேண்டிய வாரம் 1909 ஜனவரி 16 முதல் 23 வரை. டெவிலைப் பார்த்ததாகப் பலர் சொன்ன வாரம் அது. பள்ளிகளை மூடிய செய்திகள் அதில் வரும். அதையொட்டிப் பிலடெல்பியாவின் காட்சிக்கூடம் ஒன்று கங்காருவுக்குக் கோடு தீட்டி, பொய்ச் சிறகு ஒட்டி, பிடிபட்ட டெவில் என்று காசு வாங்கிக் காட்டியது. சிறார் இதழுக்கு அந்தக் கங்காருவே நல்ல படம்.