ரயில் நிலையத்தோடு கதை முடியலாமா?

நூலகர்:
1938 டிசம்பருக்கும் 1939 செப்டம்பருக்கும் இடையில் ஹிட்லரின் பிடியிலிருந்து பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பற்றிய சிறார் நாவல்களை வாசித்துவருகிறேன். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் யூதர்கள். சில நாவல்கள், கழுத்தில் எண் அட்டை தொங்க லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கும் சிறுமியை ஓர் அன்பான குடும்பம் அழைத்துச் செல்வதோடு முடிகின்றன. பத்து வயது வாசகருக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

வரலாற்று ஆசிரியை:
போதாது என்பேன். அந்தச் சிறுமி ஏன் தனியாக வந்தாள்? குழந்தைகளுக்கு நுழைவு அனுமதி தந்த பிரிட்டன் அரசு பெற்றோருக்கு அதைத் தரவில்லை. குழந்தைகளுக்கும் தலைக்கு 50 பவுண்டு பிணைத்தொகை கேட்டது. இதைச் சொல்லாத நாவல், அடைக்கலம் கொடுத்தவர்களின் பெருமைக் கதையாகவே மிஞ்சும். அந்தக் குழந்தைகளில் பலர் தங்கள் பெற்றோரை மறுபடி காணவேயில்லை.

நூலகர்:
விசா விதிகளும் பின்னாளில் நடந்த படுகொலைகளும் 1939இல் அந்தச் சிறுமிக்குத் தெரியாதே! நமக்கு இன்று தெரிந்ததை அவள் வாயில் வைப்பதும் ஒரு பொய்தான். ஜூடித் கெர் தம் சொந்த அகதி வாழ்க்கையை வைத்து 1971இல் வெளியிட்ட நாவலில், பெர்லினில் விட்டுவந்த பொம்மை முயலை நினைத்து ஏங்கும் ஒரு சிறுமியின் வழியாகவே நாடிழந்த துயரம் முழுவதும் தெரிகிறதல்லவா?

வரலாற்று ஆசிரியை:
அந்த எடுத்துக்காட்டே உங்களுக்கு எதிராக நிற்கிறது. கெரின் குடும்பம் 1933இலேயே வெளியேறி, சுவிட்சர்லாந்து, பாரிஸ், லண்டன் என்று அலைந்தாலும் சேர்ந்தே இருந்தது. அந்த நாவலில் உள்ள இலகுத்தன்மை, தாயும் தந்தையும் உடனிருந்ததால் வந்தது. நடைமேடையில் தாயின் கையை விட்டுப் பிரிந்த குழந்தையின் கதைக்கு அதே தொனியைக் கடன் வாங்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சிறுமிக்குத் தெரியாததை அவளைப் பேசவைக்காமலேயே வாசகருக்கு உணர்த்த வழியுண்டு. போர் தொடங்கியபின் எதிரி நாடுகளுக்கிடையே செஞ்சிலுவைச் சங்கம் வழியாக 25 சொற்களுக்கு மிகாத செய்திகளைத்தான் அனுப்ப முடிந்தது. 'நலம். அப்பாவும் நலம். ஒழுங்காகச் சாப்பிடு' என்று ஒரு தாய் எழுதுகிறாள். அடுத்த செய்தியில் அப்பா இல்லை. அதன்பின் செய்தியே இல்லை. இதற்குமேல் அந்த நாவலாசிரியர் எதை விளக்க வேண்டும்? இதற்கிடையில் சிறுமி ஆங்கிலத்தில் கனவு காணத் தொடங்கிவிடுகிறாள், தாய் எழுதிய ஜெர்மன் வரிகளைத் தடுமாறித் தடுமாறிப் படிக்கிறாள். எனக்கு மிகவும் வலிப்பது இந்த மொழியிழப்புதான். ஒருவேளை என் தொழில் காரணமாக இருக்கலாம்.

நூலகர்:
கடிதங்களை ஏற்கிறேன், அவை சிறுமியின் கையில் இருப்பவை. விசா, பிணைத்தொகை பற்றியெல்லாம் பின்னுரையில் எழுதிக்கொள்ளலாம்.

வரலாற்று ஆசிரியை:
பின்னுரையை எந்தக் குழந்தை படிக்கிறது? மேலும், விசாவும் சிறுமியின் கண்ணுக்குத் தெரியக்கூடியதே. தூதரகத்திற்கு வெளியே தாயுடன் நாள் முழுவதும் வரிசையில் நின்றவளுக்கு, கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பது தெரியும்.