அன்னபேதி போட்டா மஞ்சத் தண்ணி தெளியுமா? (வாலாஜா குடும்பம் குரூப்)

கமலா அத்தை: கார்த்தி, யாரோ ஃபார்வர்ட் பண்ணாங்க, ஒடிசாவுல சுகிந்தானு ஒரு இடம் உலகத்துலயே ரொம்ப கெட்டுப்போன பத்து ஊர்ல ஒண்ணாம். நீ வேலைக்கு சேந்த இடம் அதானேப்பா?? உங்கம்மா அதப் படிச்சதுல இருந்து சரியா சாப்பிடல

கார்த்தி: அதே ஊர்தான் அத்தை. அந்த லிஸ்ட் 2007ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்டுனு ஒரு அமெரிக்க அமைப்பு போட்டது. அதுக்கு முந்தின வருஷ லிஸ்ட்ல நம்ம ராணிப்பேட்டையே இருந்துச்சு. ரெண்டு ஊரையும் கெடுத்தது ஒண்ணுதான், குரோமியம்

சித்ரா அக்கா: ஆமாடா அந்த மூடிப்போன குரோமேட் ஃபேக்டரி குப்பைமேடு. மழை பெஞ்சா ஓரமா மஞ்சளா ஓடும். ஃபேக்டரி மூடி இத்தன வருஷம் ஆகியும் மேடு மேடாவே கெடக்கு

கார்த்தி: இங்கயும் அதே மஞ்சள்தான்க்கா, ஆனா இங்க குரோமியம் மண்ணுக்குள்ளயே இருக்கு. குரோமியம் எடுக்கற தாதுக்கு குரோமைட்டுனு பேரு, நாட்டுல இருக்கறதுல 95 சதவீதத்துக்கு மேல இந்தப் பள்ளத்தாக்குலதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னா குறைஞ்சது 10.5% குரோமியம் சேத்தாகணும், அதனால தோண்டறது நிக்கப்போறதில்ல, தோண்டற எடத்துத் தண்ணிய எப்படி வெளிய விடறோம்ங்கறதுதான் எங்க வேலையே

கமலா அத்தை: அய்யோ அப்ப நம்ம எவர்சில்வர் குடத்துல தண்ணி வெக்கலாமா கூடாதா

கார்த்தி: தாராளமா வைங்க அத்தை, குரோமியம் ஸ்டீல்ல உலோகமா கலந்துட்டா பயமே இல்ல. தாதுக்குள்ள இருக்கறப்பவும் அது டிரைவேலண்ட்டுனு ஒரு வடிவத்துல இருக்கும், பெரிய கெடுதல் கிடையாது. வெளிய எடுத்துக் கொட்டினதும் காத்தும் மழையும் படுது, மண்ணுல மாங்கனீசும் இருக்கு, எல்லாம் சேந்து அத ஹெக்சாவேலண்ட்டுங்கற இன்னொரு வடிவமா மாத்திடுது. அதுதான் தண்ணியில கரைஞ்சு ஓடறது, புண்ணு வர்றது, மூச்சுல தொடர்ந்து போனா கேன்சர் வரைக்கும் போறது

பாபு மாமா: தம்பி நல்லா சொன்ன. நான் ரூர்கேலா ஸ்டீல் பிளாண்ட்டுல கோக் ஓவன்ல இருந்தவன், அங்க வேற கதை. நிலக்கரிய சுட்டு கோக் ஆக்கறப்ப வர்ற தண்ணியில பீனால், சயனைடு, அமோனியா மூணும் இருக்கும். மொதல்ல ஆவி விட்டு அமோனியாவ பிரிச்சிட்டு, மிச்சத்த பாக்டீரியா தொட்டியில விடுவோம், அதுங்க பீனால தின்னுடும். ஆனா ஒரேயடியா பீனால் ஏறிட்டா பாக்டீரியா செத்துரும், திரும்ப வளத்து எடுக்க வாரக்கணக்காகும், அதனால முன்னாடி ஒரு பெரிய தொட்டியில தண்ணிய சேத்து வெச்சு சமமாக்கித்தான் உள்ள விடணும். அந்த ஊர் ஆறும் பிராமணி, உங்க சுரங்கத்துப் பக்கம் ஓடற தாம்சலா ஓடை போய் சேர்றதும் பிராமணி

கார்த்தி: ஆமா மாமா, மேல ஸ்டீல், கீழ சுரங்கம், ரெண்டும் ஒரே ஆத்துல. கடைசில பிதர்கனிகா அலையாத்திக்காடு பக்கமா கடல்ல சேருது

சித்ரா அக்கா: சரி குரோமியத்த எப்படித்தான் எடுக்கறீங்க, காய்ச்சினா போகுமா

கார்த்தி: காய்ச்சினா தண்ணிதான்க்கா ஆவியாகும், குரோமியம் அப்படியே நிக்கும், இன்னும் கெட்டியாயிடும். இங்க குழியில ஊறற தண்ணிய பம்ப் பண்ணி தொட்டிக்கு கொண்டுவந்து அன்னபேதி போடறோம், நாட்டு மருந்துக்கடைல பச்சையா கெடக்குமே அதே ஃபெரஸ் சல்பேட்தான், மூட்டை மூட்டையா கொட்டுவோம். அது ஹெக்சாவேலண்ட்ட திரும்ப டிரைவேலண்ட்டா மாத்திடும், அப்புறம் சுண்ணாம்பு போட்டா கரையாம சேறா அடில உக்காந்துரும். கொறச்சு போட்டா விஷம் மிச்சம் நிக்கும், கூட போட்டா இரும்பு ஏறி தண்ணி செங்கல் கலராயிடும். அதனால மணிக்கொரு தரம் பாத்துக்கிட்டே இருக்கணும்

கார்த்தி: (படம்) பாருங்க ரெண்டு டெஸ்ட் டியூப். டைஃபினைல் கார்பசைடுனு ஒரு டெஸ்ட் மருந்து விட்டா ஹெக்சாவேலண்ட் இருக்கற தண்ணி ஊதாவும் ரோஸும் கலந்த மாதிரி ஆயிடும். இடது பக்கம் உள்ள வர்றது, வலது பக்கம் வெளிய போறது

கமலா அத்தை: வலது பக்கம் பச்சத்தண்ணி மாதிரி இருக்கே கண்ணு

பாபு மாமா: சேற என்ன பண்றீங்க? அத எங்கயாவது கொட்டினா இன்னொரு ராணிப்பேட்டை ஆயிடும்

கார்த்தி: அபாயக் கழிவுனு தனியா, அடில ஷீட் போட்ட குழிக்குத்தான் போகணும் மாமா. ஆனா எனக்கு சேறு கூட கவலை இல்ல, மழைதான். ஒரு டன் தாதுக்கு பல டன் மேல்மண் எடுத்து மலையா குமிச்சிருக்காங்க, அது மேல ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் கொட்டுது. வெயில்காலத்துல எங்க பிளாண்ட் அலுங்காம ஓடும், மழையிலதான் அது தாங்குதா இல்லையானு தெரியும். மண்மேட்ட சுத்தி வாய்க்கா வெட்டி அந்தத் தண்ணி எல்லாத்தையும் பிளாண்ட்டுக்கே திருப்பணும், வெளிய இருந்து வர்ற நல்ல மழைத்தண்ணி உள்ள வராம தனியா ஒதுக்கணும், சரிவுல தேங்கா நார் பாய் விரிச்சு புல்லு வெக்கணும். இதுல எங்க கொஞ்சம் அசந்தாலும் ஓடைக்குப் போயிடும், ஓடையில குளிக்கற ஜனம் இருக்கு, மாடு குடிக்குது. பெரிய மிஷினுக்கு காசு குடுக்கறவங்க வாய்க்கா தூர்வாரறதுக்கு குடுக்க யோசிக்கறாங்க, அதுதான் எனக்கு ஆத்தாமை

சித்ரா அக்கா: நம்ம போர் தண்ணி மஞ்சளா இல்ல, அப்ப பயமில்லைல

கார்த்தி: அப்படி இல்லக்கா. குடிதண்ணிக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அந்த அளவ தாண்டினாலும் தண்ணி பளிச்சுனுதான் இருக்கும். கண்ணுக்கு மஞ்சளா தெரிஞ்சா அளவு வரம்ப தாண்டி எங்கயோ போயிடுச்சுனு அர்த்தம். குடிநீர் வடிகால் வாரியம் லேபுல குடுத்துப் பாரு, குரோமியமும் பாக்கணும்னு வாய்விட்டு சொல்லு, சொல்லாட்டி உப்பு, கடினத்தன்மைனு வழக்கமானத மட்டும் பாத்துக் குடுத்துருவாங்க. மழைக்கு முன்ன ஒண்ணு, மழைக்கு அப்புறம் ஒண்ணு, ரெண்டு தடவ

கமலா அத்தை: நீ குடிக்கற தண்ணி?

கார்த்தி: கேன் தண்ணி அத்தை, குவார்ட்டர்ஸ்ல ஆர்ஓவும் இருக்கு. அம்மாகிட்ட சொல்லுங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சு கால் பண்றேன்

சித்ரா அக்கா: நான் திங்கக்கிழமை லேபுக்கு போறேன். அத்தை உங்க போர் தண்ணியும் ஒரு பாட்டில் பிடிச்சு வைங்க, பக்கத்து வீட்டு கிணத்துலயும் கேட்டுப் பாருங்க, சேத்தே குடுத்துடறேன்